முனியாண்டி முடக்கில் கண் மூடிய கார்

என்னங்க, நான்தான், உங்கள் பாக்கியம்.

நீங்கள் உயிரோடு இருந்தபோது உங்களுக்கு ஒரு கடிதம்கூட நான் எழுதியதில்லை. எழுதுவதற்கு எங்கே விட்டீர்கள்? அட்டன் போனாலும் நுவரெலியா போனாலும் பொழுது சாயுமுன் வட்டவளைக்குத் திரும்பி வந்து, "சோறு ஆயிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றுகிற ஆள் நீங்கள். இப்போது எழுத வேண்டியதாகிவிட்டது. நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உங்களைப் பற்றி நாலு பேர் பேசியதெல்லாம் சந்தியில் நின்றுதானே பேசினார்கள்? பதிலும் சந்தியிலேயே இருக்கட்டும்.

முதலில் வீட்டுச் சமாச்சாரம். மூத்தவள் வகுப்பேறிவிட்டாள். சின்னவன் உங்கள் காக்கிச் சட்டையை விரித்துத்தான் படுக்கிறான், துவைக்கவே விடமாட்டேன் என்கிறான். இந்தியாவுக்குப் போவதா, இங்கேயே கிடப்பதா என்று கடைவீதி முழுக்க ஒரே பேச்சு. என்னைக் கேட்டால் "அவரக் கேட்டுச் சொல்றேன்" என்று வாயில் வந்துவிடுகிறது. கேட்டவர்கள் முகம் ஒரு மாதிரி ஆகிவிடுகிறது.

கார் திரும்ப ஓடுகிறது. உங்கள் தம்பி சிவலிங்கம்தான் ஓட்டுகிறார். உலக யுத்தத்துக்கு முந்திய அந்தக் கறுப்புக் கிழவியை மரத்திலிருந்து இழுத்து, அட்டன் கராஜில் மூக்கை நிமிர்த்திக் கொண்டுவந்தார். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனாலும் இத்தனை நாள் சோறு போட்டது அதுதான், இனிப் போடப்போவதும் அதுதான். ஒரு சொம்புத் தண்ணீர் தெளித்து உள்ளே விட்டேன்.

உங்களுக்குத் தெரியாததா, இருந்தாலும் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். அட்டனிலிருந்து வட்டவளைக்கு இறங்கும் பாதையில் முனியாண்டி முடக்கு இருக்கிறது. பாதை இடது பக்கம் மடங்கித் திரும்பும் இடத்தில் பெரிய மரம், அடியில் சூலம், மஞ்சள் துணி. மற்ற முடக்குகளில் டிரைவர்மார் திரும்புவதற்கு முன்னாலேயே ஹோர்ன் அடித்துவிடுவார்கள். எதிரே வருகிறவனுக்குக் கேட்கட்டும் என்று அடிப்பது அது. முனியாண்டி முடக்கில் மட்டும் அப்படி இல்லை. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பிக்கொண்டே, மரத்தைத் தாண்டும் வரைக்கும் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். சாமிக்குக் கொடுக்கும் மரியாதை. பஸ்காரர், லொறிக்காரர், சிங்கள ஆள், முஸ்லிம் ஆள், யாரானாலும் அந்த இடத்தில் ஹோர்ன் அலறும்.

போன ஆடியில், மத்தியானச் சோற்றுக்குப் பிறகு மிஸ்ட் இறங்கி நாலடி தள்ளி நிற்கிற ஆள் தெரியாத நேரத்தில், நீங்கள் அந்த மரத்தில்தான் மோதினீர்கள். மேலே மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ராக்காயி அக்கா பார்த்தார். அவர் சொன்னது எனக்கு மனப்பாடம்.

"ரெண்டு லைட்டும் மினுமினுன்னு மிஸ்ட்டுக்குள்ள எறங்கி வந்துச்சு பாக்கியம். முடக்குல திரும்பையில பொசுக்குன்னு அணைஞ்சிருச்சு. கோர்ன் சத்தமே கேக்கல. அப்புறம் மரத்துல அடிச்ச சத்தந்தான்."

ராக்காயி அக்கா பொய் சொல்கிறவர் இல்லை. அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டுதான் ஊர் கதை கட்டியது. முனிக்கு ஹோர்ன் அடிக்காமல் வந்தானாம், திமிராம், அதனால் முனி விளக்கைப் பிடுங்கிக்கொண்டு ஆளை அடித்துவிட்டதாம். கருமாதிக்கு வந்தவர்களே என் காதில் விழப் பேசினார்கள். உங்களுக்கா திமிர்? முனியைத் தாண்டும்போது வாயில் இருக்கும் வெற்றிலையைக்கூடத் துப்பிவிடுகிற ஆளுக்கா? நான் கத்தினேன். புருஷன் செத்தவள் கத்துகிறாள் என்று விட்டுவிட்டார்கள்.

புரட்டாசியில் கார் வந்தது. மிஸ்ட் இறங்கிய முதல் மத்தியானமே சிவலிங்கம் வெளுத்துப்போய் வீட்டுக்கு வந்தார். கையில் கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்கவில்லை.

"அண்ணி, அதே முடக்குல லைட்டு போயிருச்சு. கோர்னும் ஊமையாயிருச்சு. பிரேக்க அமுத்தி நிப்பாட்டி, ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டேன். கும்பிட்ட ஒடனே லைட்டு வந்துருச்சு, அண்ணி!"

 கராஜுக்குக் கொண்டுபோனார். அங்கே உள்ள மெக்கானிக் பாஸ் பல்பை மாற்றினார், பெட்டரியைச் சுரண்டித் துடைத்தார், பொனட்டைத் திறந்து ஒவ்வொரு வயராக இழுத்துப் பார்த்தார். லைட்டைப் போட்டால் எரிகிறது, அணைத்துவிட்டு ஹோர்னை அடித்தால் அலறுகிறது. "ஒக்கோம ஹொந்தாய்" என்று கையைத் துடைத்துவிட்டார். எல்லாம் நன்றாக இருக்கிறதாம். அடுத்த மிஸ்ட்டில், அதே முடக்கில், மறுபடியும் கண் போய் வாயும் போயிற்று. கும்பிட்டதும் வந்தது.

மற்ற எந்த வண்டிக்கும் அங்கே இப்படி ஆவதில்லை. நம் காருக்கு மட்டும்தான். அப்போது பேச்சு மாறியது. முனி இல்லையாம் அது. நீங்களாம்.

என்னங்க, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயம் வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. அட்டன் கோயிலுக்கு நேர்த்திக்கடன் என்று ஒரு சாக்குச் சொல்லி, மிஸ்ட் வரும் நாளாகப் பார்த்து நானும் காரின் பின் சீட்டில் ஏறிப் போனேன். திரும்பி வரும்போது அந்த முடக்கு வந்தது. வெளிச்சம் போனது. கண்ணாடிக்கு வெளியே வெள்ளையாக ஒன்றுமே இல்லை. இஞ்சினுடைய முணுமுணுப்பு மட்டும் கேட்டது. சிவலிங்கத்துக்குப் பக்கத்தில், என் முழங்காலுக்கு எதிரே, சில்லென்று ஒரு குளிர் வந்து நின்றது. "நான்தாங்க" என்று மெல்லச் சொன்னேன். சிவலிங்கம் கும்பிட்டார், வெளிச்சம் வந்துவிட்டது. ஏன் தம்பி இவ்வளவு சீக்கிரம் கும்பிட்டீர்கள் என்று அவர்மேல் கோபம்கூட வந்தது.

அதற்குப் பிறகு நேர்த்திக்கடன் எனக்கு நிறைய வந்துவிட்டது. கோயில் ஐயரே "என்னம்மா, இந்தக் கிழமையுமா?" என்று கேட்டுவிட்டார்.

ஆனால் ஹயர் குறைந்தது, வாடகைக்கு ஏற ஆள் இல்லை. பிரசவத்துக்குப் போகிறவள்கூட, "அந்தக் கார் வேணாம்" என்று வலிக்க வலிக்க பஸ்ஸுக்கு நின்றாள். கடைசியில் சிவலிங்கம் குறி சொல்லும் கோடாங்கியைக் கூட்டிக்கொண்டு வந்தார். வீரன் கோடாங்கி நம் வாசலில் உட்கார்ந்து உடுக்கை அடித்தார், கண் செருகியது, குரல் மாறியது.

"அவன் போகவுமில்ல, இருக்கவுமில்ல. முனி புடிச்சு மரத்துல உக்கார வச்சிருக்கு. சொந்த வண்டியப் பாத்ததும் ஆச வந்து ஓடியாந்து கண்ணப் பொத்துறான். விளையாட்டுன்னு நெனச்சுப் பொத்துறான் தாயி. ஒரு நாளைக்கு வண்டியோட சேத்து எடுத்துக்குவான்."

 ஹயர் முடிந்து வந்ததும் பிள்ளைகளின் பின்னால் பூனை மாதிரி வந்து கண்ணைப் பொத்துவீர்களே, அது கோடாங்கிக்கு எப்படித் தெரியும்?

"வெள்ளிக்கிழமை மரத்துல ஆணி அடிச்சுக் கட்டிர்றேன். அப்புறம் எந்திரிக்க மாட்டான். அவன் உடுத்துன துணி ஒண்ணு குடு."

"என் புருசன் என்ன மாடா, கட்டி வைக்க?" என்று எழுந்துவிட்டேன். "செத்த மனுசனுக்கு ஆணி அடிப்பீங்களோ? அடிச்சுப் பாருங்க!"

 கோடாங்கி போனபிறகு சிவலிங்கம் அடுப்படி வாசலில் வந்து நின்றார். "அண்ணி, அண்ணன் எனக்கும் அண்ணன்தான். ஆனா ஒவ்வொரு தடவையும் அந்த முடக்குல என் உசிரு போயி வருது. நானும் அங்க விழணுமா? சொல்லுங்க, விழுறேன்."

 போன ஒருவருக்காக இருக்கிற ஒருவரைக் கொடுக்க முடியுமா? சின்னவன் தூங்கியபிறகு அவன் தலைக்கடியிலிருந்து சட்டையை உருவிப் பார்த்தேன். விடவில்லை, தூக்கத்திலும் இறுக்கிப் பிடித்திருந்தான். எனக்கும் கை வரவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் மிஸ்ட் கடைவீதிக்குள்ளேயே இறங்கிவிட்டது. சிவலிங்கம் லைட்டைப் போட்டுக்கொண்டு, கடைக்குப் பின்னால் நம் முற்றத்தில் காரைத் திருப்பிக்கொண்டிருந்தார். இடம் குறுகல் அல்லவா, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால்தான் திரும்பும். குறுக்கே அடுத்த வீட்டு ஆடு வந்து நின்றது. ஹோர்னை அழுத்தினார். சத்தம் வரவில்லை. லைட்டு இரண்டும் அணைந்துவிட்டது.

"வீட்டுக்கே வந்துட்டாண்டி!" என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். நான் வாசலுக்கு ஓடினேன். வெறுங்காலோடு, அவிழ்ந்த தலையோடு, "வந்துட்டீங்களா?" என்று காரின் முன்னால் போய் நின்றேன். எதிரே கறுப்பாக அது நின்றது. அப்போது சிவலிங்கம் பயந்து கையைத் தூக்கினார். வெளிச்சம் என் முகத்தில் அடித்தது.

கண் கூசி நிற்கும்போதுதான் நினைத்தேன். இங்கே மரம் இல்லை, முனி இல்லை.

"தம்பி, இன்னொரு தடவ அமுத்துங்க."

"வேணாம் அண்ணி!"

"அமுத்துங்கன்னா அமுத்துங்க!"

அழுத்தினார், அணைந்தது. கையை எடுக்கச் சொன்னேன், எரிந்தது. அமுத்து, அணைந்தது. எடு, எரிந்தது. என்னங்க, அப்போதே தெரிந்துவிட்டது எனக்கு, அது நீங்கள் இல்லை. இவ்வளவு சொல்பேச்சுக் கேட்கிற ஆளா நீங்கள்?

அங்கேயே சிரித்தேன், சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. சிவலிங்கம் எனக்குத்தான் ஏதோ பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார். "ஸ்டியரிங்க நேராக்கி அமுத்துங்க" என்றேன். ஹோர்ன் நன்றாக அலறியது, லைட்டு கொஞ்சம் மங்கியதோடு சரி. ஒடித்துத் திருப்பி அழுத்தினால்தான் இரண்டும் போனது. அவர் முகத்தில் மெதுவாக ரத்தம் வந்தது. தரையில் சாக்கை விரித்துக் காருக்கு அடியில் நுழைந்தார்.

நான் முன்னால் நின்றேன். லைட்டு வேலை என்றால் என் இடம் அதுதானே. நீங்கள் உள்ளேயிருந்து "எரியுதா?" என்பீர்கள், நான் "எரியுது" என்பேன், "எது, சோத்துக் கையா பீச்சாங் கையா?" என்பீர்கள், உங்கள் கையா என் கையா என்று ஒரு சண்டை வரும். அன்றைக்கும் அப்படியே நின்றேன். மிஸ்ட்டு இன்னும் தடித்திருந்தது. "எரியுதா?" என்று கேட்டது. "எரியுது" என்றேன்.

காருக்கு அடியிலிருந்து சிவலிங்கம், "என்ன அண்ணி?" என்றார்.

"எரியுதுன்னு சொன்னேன்."

"நான் இன்னும் ஒண்ணும் கேக்கலியே."

அவர் கேட்கவில்லை. ஓடிப்போன பெண்கள் யாரும் திரும்பி வரவில்லை. நான் பின்னால் திரும்பிப் பார்க்கவும் இல்லை. யார் கேட்டது, என்னங்க?

பிறகு சிவலிங்கம் என்னை டிரைவர் இடத்தில் உட்காரச் சொன்னார். எனக்கு அங்கே உட்கார்ந்து பழக்கமில்லை. "திருப்புங்க அண்ணி. இன்னும். இன்னும். இப்ப அமுத்துங்க." எதிரே கடைச் சுவரில் விழுந்திருந்த வெளிச்சம் போய்விட்டது. "ஆப்புட்டுச்சு!" என்று கீழேயிருந்து கத்தினார்.

லைட்டு சுவிட்சும் ஹோர்னும் ஸ்டியரிங்கின் நடுவில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன அல்லவா? இரண்டுக்கும் கரண்ட் கொண்டுவருவது ஒரே வயர். ஸ்டியரிங் கம்பிக்குள்ளே ஒரு மெல்லிய குழாய், அதன் வழியாக மேலே ஏறுகிறது. ஸ்டியரிங் திரும்பினாலும் அந்தக் குழாய் திரும்பாமல் நிற்க வேண்டுமாம். கீழே அதைப் பிடித்திருந்த நட்டு தளர்ந்து, குழாயும் கூடவே திரும்பி, வயரைத் தினம் தினம் முறுக்கியிருக்கிறது. உறை தேய்ந்து, உள்ளே செம்பு இழை நாலைந்துதான் மிச்சம், அதுவும் பச்சை பூத்துப்போய்.

"இதுல ஒருத்தருக்குக் குடுக்கத்தான் தெம்பு இருக்கு அண்ணி. முறுக்குன நேரத்துல லைட்டும் கோர்னும் சேந்து கேட்டா, ரெண்டு பேருக்கும் இல்ல. கராஜுல வண்டி நேரா நின்னுச்சு, ஒண்ணொண்ணாத்தான் போட்டுப் பாத்தாங்க. எப்புடித் தெரியும்?"

வெயில் நாளில் லைட்டு வேண்டாம், அதனால் ஹோர்ன் அலறியது. மற்ற முடக்கில் திரும்புமுன்னே அடித்துவிடுவார்கள், அதனால் ஒன்றும் ஆகவில்லை. மிஸ்ட்டில், ஒடித்துத் திருப்பிக்கொண்டே, விடாமல் அழுத்துவது நம் ஊரில் ஒரே இடத்தில்தான்.

வெள்ளிக்கிழமை கோடாங்கி ஆணியோடும் எலுமிச்சம்பழத்தோடும் மரத்தடியில் காத்திருந்தார். பாதி ஊர் வந்திருந்தது. நான் வெறுங்கையோடு போனேன். "துணி எங்க தாயி?" என்றார். "மொதல்ல வண்டி வரட்டும்" என்றேன்.

மேலே மிஸ்ட்டுக்குள் இரண்டு மஞ்சள் பொட்டு தெரிந்தது. இறங்கி வந்தது. எல்லாரும் பின்னால் நகர்ந்தார்கள். கார் முடக்கில் மடங்கியது, ஹோர்ன் அலறத் தொடங்கியது, மரத்தைத் தாண்டும் வரைக்கும் ஓயவில்லை. வெளிச்சம் அசையவில்லை. சிவலிங்கம் இறங்கிவந்து பழைய வயர்த் துண்டைக் கோடாங்கி கையில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னார்.

நான் ராக்காயி அக்காவைப் பார்த்தேன். "அக்கா, கோர்ன் சத்தம் கேக்கலன்னு சொன்னீங்கல்ல?"

"கேக்கல பாக்கியம். சத்தியமா கேக்கல."

"அவரு அடிச்சாரு. அடிச்சதுனாலதான் கேக்கல. அடிக்காம வந்திருந்தா லைட்டு அணைஞ்சிருக்காது, இப்ப வீட்டுல உக்காந்து சோறு தின்னுக்கிட்டு இருப்பாரு. முனிக்கு மரியாத குடுக்கப் போயித்தான் செத்தாரு. நல்லாக் கேட்டுக்கங்க எல்லாரும்!"

 ராக்காயி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கோடாங்கி வயரை விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு இங்க வேலையில்ல தாயி" என்று ஆணியைப் பைக்குள் போட்டுவிட்டு, சூலத்துக்கு மட்டும் சூடம் காட்டினார். நல்ல மனுஷர்தான்.

எல்லாருக்கும் நிம்மதி. நேற்றே ஹயர் கேட்டு ஆள் வந்துவிட்டது. நான்தான், என்னங்க, அந்த வெளிச்சத்தில் மரத்தடியைத் தேடித் தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஈரப் பாதை, தேயிலை, சூலம். நீங்கள் இல்லை. ஆடியில் ஒரு தடவை போனீர்கள், ஐப்பசியில் நானே இன்னொரு தடவை அனுப்பிவிட்டேன்.

ஊருக்குச் சொன்னதையெல்லாம் சொல்லிவிட்டேன். சொல்லாதது ஒன்று இருக்கிறது. இதைப் படிக்கும்போதுதான் மற்றவர்களுக்கும் தெரியும்.

அன்று டிரைவர் இடத்தில் உட்கார்ந்து ஹோர்னை அழுத்தினேன் அல்லவா? சத்தம் வரவில்லை. வரவில்லை என்று தெரிந்தும் என் கை எடுக்கவில்லை. என்னைக் கேட்காமலே இன்னும் பலமாக அழுத்தியது. சுவர் இருட்டாகவே இருந்தது. சிவலிங்கம் "எடுங்க அண்ணி, எடுங்க" என்று கத்தியபிறகுதான் எடுத்தேன். நீங்களும் அதைத்தானே செய்திருப்பீர்கள்? முனிக்குச் சத்தம் கேட்கவில்லையே என்று பதறி, ஒரு கையால் திருப்பிக்கொண்டு, இன்னொரு கையால் அமுத்து அமுத்தென்று அமுத்தியிருப்பீர்கள். அமுத்த அமுத்த இருட்டு. ஐயோ, கையை எடுத்திருந்தால் போதுமே! எடுத்திருந்தால் வெளிச்சம் வந்திருக்குமே! உங்களுக்கு அதை யார் சொல்வது? காருக்குள் நீங்கள் மட்டும்தானே இருந்தீர்கள்?

இனி அந்தக் காரில் உங்கள் தம்பியைத் தனியாக மிஸ்ட்டுக்குள் அனுப்ப மாட்டேன். பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். ஹோர்ன் கேட்டாலும் கேட்காவிட்டாலும், சாமி கோபித்தாலும் கோபிக்காவிட்டாலும், இருட்டினால் அந்தக் கையை நானே பிடித்துத் தூக்கிவிடுவேன். இது சத்தியம்.

பக்கத்தில் இல்லாமல் போன,
உங்கள் வீட்டுக்காரி
பாக்கியம்